மணி பாத்துக்கோ

2021 பிப்ரவரி 12

மேஸ்திரியாக நடித்தவருக்கு,

சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்கப் பார்த்தேன். நேற்று சாயங்காலம்தான் நான்கு பேரைப் புரட்டி எடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போனீர்கள். சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள்.

நான் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். நீராவி இயந்திரத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பது என் வேலை. அதனால் அங்கே என் பெயரே நீராவி. அக்கா வீட்டின் பின்னறையில் இருக்கிறேன். அக்கா, அத்தான், நான் மூன்று பேரும் என் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து 'ஒன்பதாவது மாடி' முதல் சீசனைப் பத்து எபிசோடும் பார்த்து முடித்தோம். உங்கள் பக்கத்தில் கருத்து எழுதலாம் என்றால் ஏற்கெனவே நாற்பதாயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் என்னுடையதை யார் படிப்பது? கடைசியில் கம்பெனி முகவரி ஓடியது. நிறுத்தி எழுதிக்கொண்டேன்.

ஆறாவது எபிசோடை ஐந்து முறை பார்த்துவிட்டேன். அந்தப் பெண்ணின் முகத்தில் அமிலம் ஊற்றிவிட்டு ஜாமீனில் வந்து சிரிக்கிறானே, அவனை நீங்கள் இடிக்கப்போகும் கட்டிடத்துக்குக் கூட்டிப் போகிறீர்கள். கத்தவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. கை வாட்ச்சைக் கழற்றி அவன் கையிலேயே கொடுக்கிறீர்கள். "அஞ்சு நிமிஷம். மணி பாத்துக்கோ." நான் விசில் அடித்துவிட்டேன் சார். முப்பத்து நான்கு வயதில் வாழ்க்கையில் முதல் விசில். அக்கா, "என்னடி இது, பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது" என்றாள். எதையுமே பாராட்டாத அத்தான்கூட, "ஆளு கோபமே படாம அடிக்கிறான் பாரு" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தார்.

ஒரே ஒரு குறை. எட்டாவது எபிசோடில் காலையில் சட்டையில் பட்ட ரத்தம் சாயங்காலம் வரை சிவப்பாகவே இருக்கிறது. அப்படி இருக்காது. ஒரு மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். அதை உங்கள் ஆள் சுடுதண்ணீரில் வேறு அலசுகிறான். சுடுதண்ணீர் பட்டால் கறை ஆயுசுக்கும் போகாது. பச்சைத் தண்ணீர்தான். ஒப்பனைக்காரரிடம் சொல்லுங்கள்.

அடுத்த சீசன் எப்போது?

நீராவி

*

2021 மார்ச் 2

அன்புள்ள நீராவி அம்மாவுக்கு,

இருபத்தாறு வருடமாக நடிக்கிறேன். பிணமாக, போலீஸாக, கதாநாயகியின் மாமாவாக. அடுத்தவர் வாய்க்குக் குரல் கொடுத்தே பாதிக் காலம் போனது. கையால் எழுதிய கடிதம் எனக்கு வருவது இதுதான் முதல் தடவை. வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

ரத்தக் கறை விஷயத்தை ஒப்பனைக்காரரிடம் சொன்னேன். "இவ்வளவு பேர் பாத்தாங்க, ஒருத்தரும் கேக்கலையே!" என்று தலையைச் சொறிந்தார். இரண்டாவது சீசனில் பச்சைத் தண்ணீர்தான், வாக்குக் கொடுத்திருக்கிறார்.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்த வாட்ச் கதையில் இல்லை. "இங்க ஏதாவது வித்தியாசமா பண்ணுங்க" என்றார் இயக்குநர். நான் யோசிக்கக்கூட இல்லை, கை தானாகப் போனது. 'கட்' என்று சொல்ல மறந்துபோய் எல்லாரும் கைதட்டினார்கள். இன்று அதைப் பனியனில் அச்சடித்து விற்கிறார்கள்.

நவம்பரில் இரண்டாவது சீசன். இன்னும் பெரிதாக வருகிறது. பார்த்துவிட்டு மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மேஸ்திரி

*

2021 நவம்பர் 20

சார்,

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

யார் எழுதிய கதை இது? முதல் சீசனில் மேஸ்திரி கோர்ட் விட்டவர்களைத்தான் அடித்தான். பெண் மேல் அவன் நிழல்கூடப் படாது. மூன்றாவது எபிசோடில் அந்தத் தரகர் பெண்டாட்டி அறைந்தபோதுகூடக் கன்னத்தைத் தடவிக்கொண்டு போனான். அந்த ஆளா இப்போது பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டு அவள் கையில் வாட்ச்சைக் கொடுக்கிறான்? இரண்டாவது எபிசோடில் ஒரு தடவை, ஐந்தாவதில் ஒரு தடவை. ஐந்தாவதில் கதவிடுக்கில் அவள் விரல்களை வைத்துச் சாத்துகிறானே, அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டாள். கழுவப் பாத்திரம் ஒன்றுமில்லை.

போன கடிதத்தில் நான் ஒன்றை மறைத்தேன், வெட்கப்பட்டு. அத்தான் அக்காவை அடிப்பார். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. அங்கே யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் இங்கே இறங்கும். ஆனால் முன்பெல்லாம் கோபம் வரும், அடிப்பார், கோபம் போகும், நிறுத்துவார். அப்புறம் ஒரு மாதிரி குற்ற உணர்ச்சியோடு கடைக்குப் போய் ஏதாவது வாங்கி வருவார்.

செவ்வாய்க்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது கூடத்துக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து வாட்ச்சைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா கையை விரித்து அதில் வைத்தார். "அஞ்சு நிமிஷம். மணி பாத்துக்கோ" என்றார். உங்கள் குரல் சார். அப்படியே உங்கள் குரல். பெல்ட்டை இரண்டாக மடித்து முதுகில், தொடையில், சட்டை மறைக்கும் இடமாகப் பார்த்து அடித்தார். மூச்சு வாங்கவில்லை. நான் கதவை உடைக்கிற மாதிரி தட்டினேன். ஐந்து நிமிடம் முடிந்துதான் வந்து திறந்தார். "என்ன நீராவி, சீக்கிரம் வந்துட்ட?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

முன்பு அவருக்குக் கோபத்தோடு அடிக்க மட்டும்தான் தெரியும். கோபமே இல்லாமல் அடிக்க நீங்கள் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூன்றாவது சீசனில் மேஸ்திரியை யாராவது அடிக்கட்டும். அந்தப் பெண்டாட்டியே அடிக்கட்டும். கையை உடைக்கட்டும். அவன் தரையில் ஊர்ந்து கெஞ்சட்டும். அதை அத்தான் பார்க்க வேண்டும்.

நீராவி

*

2021 டிசம்பர் 9

அம்மா,

உங்கள் கடிதம் வருத்தமாக இருந்தது. ஆனால் பழியை என் தலையில் போடுவது நியாயமில்லை.

நான் நடிகன். எழுதிக் கொடுத்ததைச் செய்கிறேன். விபத்துக் காட்சியைப் பார்த்துவிட்டு யாரும் போய் லாரிக்கடியில் விழுவதில்லை. அடிக்கிற ஆள் எங்கள் தொடர் வராவிட்டாலும் அடிப்பான். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், முன்பும் அடித்தார் என்று. மேஸ்திரி மாறிவிட்டான் என்கிறீர்கள். விமர்சகர்கள் எல்லாரும் அதைத்தான் பாராட்டுகிறார்கள், மனிதன் இருட்டுக்குள் போவதைக் காட்டியிருக்கிறோம் என்று.

போலீஸுக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி எண் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாவது சீசன் கதை ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அதைப் பற்றி நான் வெளியே பேசக் கூடாது.

தைரியமாக இருங்கள்.

மேஸ்திரி

*

2022 மார்ச் 4

சார்,

போலீஸுக்குப் போகச் சொன்னீர்கள். போனோம்.

அதற்கு முன்னால் நடந்தது இது. பிப்ரவரி கடைசி ஞாயிறு, மத்தியானம். அக்கா யாருடனோ போனில் பேசினாளாம். பேசியது என்னோடுதான், நான் வேலையில் இருந்தேன். அத்தான் அவளுடைய வலது கையை அறைக் கதவின் கீல் பக்க இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். பூட்டுப் பக்கம் இல்லை, கீல் பக்கம். அங்கேதான் எலும்பு நொறுங்கும் என்று உங்கள் ஐந்தாவது எபிசோடில் விளக்கமாகச் சொல்கிறீர்கள். இரண்டு தடவை சாத்தினார். மூன்று விரல் போய்விட்டது. வெட்டவில்லை, ஆனால் இனிமேல் மடங்காதாம்.

என் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தேன். டாக்டர் கேட்டார், அக்கா சொன்னாள், "காத்து அடிச்சு கதவு சாத்திக்கிச்சு." காற்று இரண்டு தடவை அடித்ததா என்று டாக்டர் கேட்டதற்கு, "ஆமா, அன்னிக்கு பலமான காத்து" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை என் மேசைக்கு வந்த மூட்டையில் சீட்டு குத்தியிருந்தது: பெண்கள் அறுவை வார்டு, கட்டில் 11. அக்காவின் விரிப்பு. இயந்திரத்தில் போட மனம் வரவில்லை. தனியாக எடுத்துப் பச்சைத் தண்ணீரில் கையால் அலசினேன்.

நானே போலீஸில் எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்தவர் படித்துவிட்டு, "ஏம்மா, இது அந்த மேஸ்திரி சீன் இல்ல?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் காற்று என்றாள். காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். நானும் பின்னறையில்தான் இருக்கிறேன். நான் போய்விட்டால் ஜன்னல் வழியாகப் பார்க்கக்கூட ஆள் இருக்காது.

நீராவி

*

2022 மார்ச் 28

தங்கச்சி,

உங்கள் கடிதத்தை மூன்று வாரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். டிசம்பரில் நான் எழுதியது தப்பு.

வாட்ச் என் யோசனை என்று பெருமையடித்தேனே, அது யோசனையே இல்லை. எங்கள் அப்பா அப்படித்தான் செய்வார். தபால் அலுவலகத்தில் வேலை. தெருவில் எல்லாருக்கும் நல்லவர், யாருக்கும் மனு எழுதிக் கொடுப்பார். அம்மாவை அடிக்கும் முன்னால் வாட்ச்சைக் கழற்றுவார், கண்ணாடி உடைந்துவிடக் கூடாதே என்று. கழற்றி என் கையில் கொடுப்பார். எனக்கு எட்டு வயது. "பிடி. அஞ்சு நிமிஷம் ஆனதும் சொல்லு."

நான் நாலு நிமிஷத்திலேயே "ஆச்சுப்பா" என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டார். அன்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதற்கப்புறம் நான் ஏமாற்றவில்லை. சரியாக ஐந்து நிமிஷம், ஒரு விநாடி முன்னால் இல்லை. அம்மா தரையில் கிடந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதைத்தான் நான் கேமரா முன்னால் செய்தேன். கைதட்டினார்கள். பெருமையாக இருந்தது.

உங்கள் கடிதத்தை இயக்குநரிடம் வாசித்துக் காட்டினேன். அப்புறம் கணினியைத் திருப்பிக் காட்டினார். ரெண்டு சீசனிலும் ஜனங்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த இடம் அந்தக் கதவுக் காட்சிதான். "நான் என்ன செய்யட்டும் சொல்லுங்க" என்றார். மூன்றாவது சீசனில் பாதி எடுத்து முடித்தாகிவிட்டது. நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன். சண்டை போட்டுப் பார்க்கிறேன்.

என் வீட்டு மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். முகவரி கீழே. என் மனைவியிடம் சொல்லிவிட்டேன், என்றைக்கு வந்தாலும் சரி.

அண்ணன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

*

2022 அக்டோபர் 6

சார்,

இந்தக் கடிதத்தை ஓர் அதிகாரி படித்த பிறகுதான் அனுப்புவார்கள். முகவரியைப் பார்த்திருப்பீர்கள். பெண்கள் சிறை.

உங்கள் வீட்டு மாடியைப் பற்றி அக்காவிடம் அப்போதே சொன்னேன். "அந்த ஆள் வீட்டுக்கா? தினம் அந்த முகத்த பாத்துக்கிட்டா? இங்க இருக்கறது ஒண்ணு போதாதா?" என்றாள். அதனால்தான் பதில் எழுதவில்லை.

மூன்றாவது சீசன் வந்த சனிக்கிழமையே அத்தான் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். நான் நம்பிக்கொண்டிருந்தேன் சார். நீங்கள் சண்டை போட்டிருப்பீர்கள், இந்த எபிசோடில் அடி விழும், இல்லை அடுத்ததில் என்று எட்டு எபிசோடும் பார்த்தேன். மேஸ்திரி தேர்தலில் ஜெயிக்கிறான். கடைசிக் காட்சியில் ஓடிப்போன பெண்டாட்டி திரும்பி வந்து, வளைந்த விரல்களால் வாட்ச்சை எடுத்து அவன் கையில் கட்டிவிடுகிறாள். பின்னால் வயலின் அழுகிறது. அத்தான் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா? அவளே கட்டி விடுறா. புரிஞ்சிக்கிட்டா."

மறுநாள் ஞாயிறு. நான் கூடத்து மூலையில் என் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் வாட்ச்சைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார். இந்தத் தடவை அடிக்க இல்லையாம், கட்டிவிடச் சொன்னார். "அவ கட்டினா இல்ல? நீயும் கட்டு." அக்கா வலது கையில் வாங்கினாள். விரல் மடங்காதே. வாட்ச் விழுந்து கண்ணாடி உடைந்தது.

அத்தான் முதலில் குனிந்து அதை எடுத்தார். துடைத்துப் பார்த்தார். அப்புறம் அக்காவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். ஒரு தடவை, இன்னொரு தடவை. சுவரில் ஒட்டிக்கொண்ட முடியோடு ரத்தம் வழிந்தது. அவள் சரிந்து விழுந்தாள். தொண்டையில் காலை வைத்து அழுத்தினார். அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதர் போடும் சத்தம் இல்லை அது.

இஸ்திரிப்பெட்டி என் கையில் இருந்தது. பழைய கனமான பெட்டி. ஒயரைப் பிடுங்கினேனா, அதுவாக வந்ததா தெரியாது. பின்பக்கமாகத் தலையில் அடித்தேன். சூடாக இருந்தது, தோல் தீயும் வாசனை வந்தது. ஆறு அடி என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கிறது. மூன்றாம் நாள் இறந்துவிட்டார்.

அக்காவுக்குத் தலையில் பதினான்கு தையல். பிழைத்துவிட்டாள். ஆனால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, என்னிடமும்கூட. போலீஸ் கேட்டால் தரையைப் பார்க்கிறாளாம். அவள் பேசாவிட்டால் நான் சொல்வதற்குச் சாட்சி இல்லை. சொத்துக்காக அத்தானைக் கொன்றேன் என்று அத்தானுடைய அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அரசாங்கம் கொடுத்த வக்கீல் ஒரு சின்னப் பெண். அவள் கேட்டாள், "முன்னாடி யார்கிட்டயாவது இதப் பத்தி சொல்லியிருக்கீங்களா? ஏதாவது எழுத்துல?"

என் கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றனவா?

நீராவி

*

2022 அக்டோபர் 25

தங்கச்சி,

இருக்கின்றன. நான்கும்.

மூன்றாவது சீசனைப் பற்றி என்ன சொல்ல? சண்டை போட்டேன். ஒரு நாள் படப்பிடிப்புக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் போய்விட்டேன். அவ்வளவுதான் என் சண்டை.

உங்கள் வக்கீல் என்னிடம் பேசினார். மறுநாளே கம்பெனி வக்கீலும் பேசினார், எப்படித் தெரிந்ததோ. தொடரின் பெயர் கெடும்படி நான் எங்கும் எதுவும் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். "ரசிகர் கடிதம்தானே சார், எத்தனையோ வரும். குப்பையில போட்டிருப்பீங்க. இல்ல?" என்றார். நான் பார்க்கிறேன் என்றேன். என் மனைவி பயப்படுகிறாள். நானும்தான். கோர்ட்டில் நின்று என்ன சொல்வது? அந்தப் பெண் எனக்கு எழுதினாள், நான் உதவி எண் அனுப்பினேன் என்றா?

இதோடு நிறுத்திக் கடிதத்தை ஒட்டிவிட்டேன். இரண்டு நாள் மேசையில் கிடந்தது. இப்போது பிரித்து எழுதுகிறேன். கடிதங்களை இன்று காலை உங்கள் வக்கீலிடம் நேரில் கொடுத்துவிட்டேன். கூப்பிடும் தேதியில் வருவேன்.

*

2023 ஜூன் 11

சார்,

தீர்ப்பு வந்துவிட்டது. கொலை இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். ஐந்து வருடம். உள்ளே இருந்த காலம் கழியும். வக்கீல் பெண் என்னைவிட அதிகமாக அழுதாள்.

நீங்கள் சாட்சி சொல்ல வந்த அன்று உங்களோடு பேச விடவில்லை. கூண்டில் ஏறியபோது பின்னால் இருந்தவர்கள் போன் எடுத்துப் படம் பிடிக்கப் பார்த்தார்கள், நீதிபதி அதட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஒரு வாட்ச்ச குடுக்கறதுல என்ன பெரிய கொடுமை இருக்கு? எங்க, காட்டுங்க பாப்போம்" என்றார். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். இரண்டு தடவை சொன்னீர்கள். நீதிபதியும் பார்க்க வேண்டும் என்றதும் உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கழற்றினீர்கள். வக்கீலின் கையை விரித்து அதில் வைத்தீர்கள். சின்னக் குரலில்தான் சொன்னீர்கள். "அஞ்சு நிமிஷம். மணி பாத்துக்கோ." அந்த வக்கீலின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். எட்டு மாதம் வாயே திறக்காதவள். "அஞ்சு இல்ல!" என்று கத்தினாள். "அஞ்சுன்னு சொல்வாரு. ஒரு நாள்கூட அஞ்சோட விட்டதில்ல!" நாற்காலியைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து, யாரும் கேட்காமலே ரவிக்கைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். கதவைச் சொன்னாள், காற்று அடிக்கவில்லை என்று சொன்னாள். ஒரு மணி நேரம் பேசினாள். நீங்கள் கூண்டிலேயே நின்று கேட்டீர்கள். உங்களை இறங்கச் சொல்ல எல்லாருக்கும் மறந்துவிட்டது.

உங்களால்தான் எனக்கு ஐந்து வருடத்தோடு போயிற்று. அதற்கு நன்றி. அதனால்தான் உங்களிடம் இதை மறைக்க முடியவில்லை. அதிகாரி படிக்கட்டும்.

பயந்துபோய் அடித்தேன் என்று என் வக்கீல் சொன்னாள், நீதிபதியும் அதையே எழுதினார். முதல் அடி பயம்தான். அந்த அடியிலேயே அவர் அக்கா மேலிருந்து சரிந்துவிட்டார். குப்புறக் கிடந்தார். கை மட்டும் தரையைத் துழாவியது. எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும் சார். விரிப்பு மடிக்கிற கை என்னுடையது, எது எழும் எது எழாது என்று தெரியும். அதற்கப்புறம் ஐந்து அடித்தேன். ஒவ்வொன்றையும் நின்று, பெட்டியைச் சரியாகப் பிடித்து அடித்தேன். ஆறாவது எபிசோட் பார்த்தபோது நெஞ்சில் ஒன்று பொங்கியதே, விசிலாக வந்ததே, அதேதான் பொங்கியது. நன்றாக இருந்தது.

உங்களைக் குற்றம் சொல்லி எத்தனை கடிதம் எழுதினேன். மேஸ்திரி அடிப்பதை ரசித்தவள் நான். அவன் ஆளை மாற்றி அடித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.

நீராவி

*

2023 ஜூலை 19

தங்கச்சி,

பதில் தாமதமானதற்குக் காரணம் என் தாடை. தீர்ப்பு வந்த வாரம் பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினேன். நான்கு பேர் வந்தார்கள். தொடரை நான் காட்டிக்கொடுத்துவிட்டேனாம், என்னால் நாலாவது சீசன் நின்றுபோகுமாம். ஒருவன் மேஸ்திரி பனியன் போட்டிருந்தான். என்னைக் காரிலிருந்து இழுத்துக் கீழே போட்டு மிதித்தார்கள். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது, நான்கு பல் போனது. கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். குழாய் வைத்துக் கஞ்சி குடிக்கிறேன். குரலை வைத்துப் பிழைத்தவனுக்கு டாக்டர் சொல்கிறார், பேச்சு கொஞ்சம் குழறும் என்று. அதில் ஒருவன் அடிக்கும்போது, "சார், நான் உங்க பெரிய ரசிகன் சார்" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். அழுதுகொண்டே அடித்தான்.

நாலாவது சீசன் நிற்கவில்லை. வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். எனக்கு முதலிலேயே கடிதம் கொடுத்து விலக்கியாகிவிட்டது.

நீங்கள் எழுதியதற்கு என்ன பதில் சொல்வது என்று நிறைய யோசித்தேன். ஆறுதல் சொல்ல வரவில்லை. என் கதையை மட்டும் சொல்கிறேன். அந்தக் கதவுக் காட்சியைப் பதினோரு தடவை எடுத்தோம். மூன்றாவது தடவையே இயக்குநர் சரி என்றுவிட்டார். மீதி எட்டும் நான் கேட்டு எடுத்தவை. "இன்னும் ஒண்ணு போலாம், இன்னும் நல்லா வரும்" என்றேன். கதவில் ரப்பர் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த நடிகையின் மணிக்கட்டைப் பிடிப்பது நிஜப் பிடிதான். எட்டாவது தடவையில் அவள், "சார், மெதுவா" என்றாள். கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். காட்சிக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படப்பிடிப்பு முடிந்து அவள் கையில் ஐஸ் வைத்துக்கொண்டு காரில் ஏறியதைப் பார்த்தேன்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். என்னால் பேச முடியாது, காகிதத்தில் எழுதி நீட்டினேன். படித்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

உங்கள் அக்கா எப்படி இருக்கிறார்?

*

2024 பிப்ரவரி 25

அண்ணா,

சார் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை.

உங்கள் தாடை சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு இங்கேயும் சலவைக்கூடத்தில்தான் வேலை. பெரிய இயந்திரம் இரண்டு, நான்கு தொட்டி. வார்டில் ஒரு டிவி உண்டு. நாலாவது சீசன் வந்துவிட்டது. எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "நீதான் முன்னாடி எல்லாம் பாத்திருக்கியாமே, கதைய சொல்லு" என்று பிடுங்கினார்கள். நான் சொல்லவில்லை. புது மேஸ்திரி நன்றாக நடிக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு எபிசோட் நானும் பின்னால் நின்று பார்த்துவிட்டேன். பொய் சொல்ல விரும்பவில்லை. அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அக்காவைக் கேட்டிருந்தீர்கள். தீர்ப்புக்கு அப்புறம் அவள் என்னைப் பார்க்க வரவேயில்லை. எட்டு மாதம். வியாழக்கிழமை வந்தாள்.

தலையில் தையல் போட்ட இடத்தில் முடி வெள்ளையாக முளைத்திருக்கிறது. என்னுடைய பழைய வேலையை அவளுக்குக் கொடுத்திருக்கிறார்களாம், விரிப்பு மடிக்கிறாள். மடங்காத விரலைப் பலகை மாதிரி வைத்து அழுத்தினால் மடிப்பு நேராக வருகிறது என்றாள். பின்னறையை வாடகைக்கு விட்டுவிட்டாளாம். இதெல்லாம் நேருக்கு நேர் உட்கார்ந்து சொன்னாள். நடுவில் கம்பி வலை.

"ஏன் இத்தனை நாள் வரல?" என்று நான்தான் கேட்டேன்.

"எனக்காகத்தான் பண்ணினேன்னு எல்லார்கிட்டயும் சொல்றியாம்."

"உனக்காகத்தானே அக்கா."

"முதல் அடி எனக்காக. அது எனக்கும் தெரியும்." வலையில் இடது கையை வைத்தாள். "நான் மயக்கமா கிடந்தேன்னு நெனச்சிட்டு இருக்க. இல்ல. கண்ணு தொறந்துதான் இருந்தது. ரெண்டாவது அடிச்சப்ப நிறுத்துன்னு சொன்னேன். குரல் சரியா வரல, ஆனா சொன்னேன். மூணாவதுக்கு உன் கால புடிச்சேன். புடிச்சு இழுத்தேன். உன் பேர சொல்லி கத்தினேன். நீ என் கைய உதறிட்டு அடிச்ச."



"அவரும் அப்படித்தான்," என்றாள். "அடிக்கும்போது நான் சொல்றது அவருக்கும் கேக்காது."

நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து நின்றார். அக்கா எழுந்தாள். கோபமாக இல்லை. அடுத்த மாதமும் வருகிறேன், என்ன வேண்டும் என்று கேட்டாள். சோப்பு என்றேன். வாய்க்கு அதுதான் வந்தது.

அண்ணா, அவள் கத்தியது எனக்குக் கேட்கவே இல்லை. என் காலை ஒரு கை பிடித்தது ஞாபகமே இல்லை. மூன்று நாளாக இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். நேற்று விரிப்பை அலசும்போது கணுக்காலில் அந்தப் பிடி தெரிந்தது. மூன்று விரல் மடங்காத கை, கட்டை விரலாலும் சுண்டு விரலாலும் மட்டும் பிடித்திருந்தது. தொட்டியை விட்டு விலகித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள், "என்ன ஆச்சு, கால் பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

தங்கச்சி